மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம் பாஸ்!

ரங்கநாதன் தெருக் கூட்டத்துல நீந்திப் போறப்ப, "கூறைச் சேலை எங்க இருக்கு அண்ணா?"ன்னு யாராவது கேட்டா, காதைத் தீட்டிக்கோங்க. அது யாழ்ப்பாணத்துத் தமிழ். கல்யாண ஜவுளி எடுக்க தி.நகர் வந்தவங்களா இருக்கலாம். எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருப்பாங்க? ஒரு கெஸ் பண்ணுங்க!

மேப்பை எடுத்து ஸ்கேல் வைங்க. மீனம்பாக்கத்துல இருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கி.மீ.தான். திருச்சியில் இருந்துன்னா இன்னும் கிட்ட, 185 கி.மீ.!

ஆனா தூரம் வேற, நேரம் வேற. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பு பக்கத்து ரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை (இந்தப் பலாலியேதான்!) வழியா மெட்ராஸுக்கு விட்டது. பிறகு அந்தப் பாதை நின்னுபோச்சு. போர் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வரணும்னா, முதல்ல தெற்கே கொழும்புக்குப் போகணும். ரோட்டுல 400 கி.மீ., ராத்திரி முழுக்க பஸ். அப்புறம் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வடக்கே 645 கி.மீ. பறக்கணும். மூக்கைச் சுத்தித் தொடுறதுன்னா இதுதான்! போர்க்காலத்தில் ஏ9 நெடுஞ்சாலையே பல வருஷம் மூடிக் கிடந்ததால, அந்த வழியும் நிச்சயமில்லை.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆனது. நவம்பர் 11-ல் சென்னைக்கு சர்வீஸ். நாலே மாசத்துல கொரோனா வந்து மூட, 2022 டிசம்பர் 12-ல்தான் மறுபடி தொடங்கினாங்க. பறக்கிறது எழுபது சீட் சொச்சம் உள்ள ஏ.டி.ஆர். புரொப்பல்லர் விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. கணக்குப்படி 43 நிமிஷம் போதும். ஆனா ஓடுபாதைக்கு உருள, மேலே ஏற, இறங்க எல்லாம் சேர்த்து டைம்டேபிளில் ஒண்ணே கால் மணி நேரம்!

அதோட முடியலை. மாம்பலத்துல மின்சார ரயில் ஏறினா ஆறாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிர்லயே ஏர்போர்ட். சர்வதேசப் பயணம்னா மூணு மணி நேரம் முன்னாடி ஆஜர். இமிகிரேஷன், கஸ்டம்ஸ், பலாலியில் இருந்து யாழ் நகருக்கு இன்னொரு 18 கி.மீ. ஆக, வீட்டுல இருந்து கணக்குப் போட்டா ஆறு, ஆறரை மணி நேரம். திருச்சிக்கு பஸ்ல போற நேரம்தான்! பாஸ்போர்ட், பயண அனுமதி ரெண்டையும் மட்டும் சரிபார்த்துக்கோங்க.

அந்தக் கடைசி 18 கி.மீ.யில் தூங்கிடாதீங்க. ஜன்னலோரம் உக்காருங்க. 1990-ல் போர் நெருங்க, பலாலியைச் சுற்றியிருந்த ஊர் மக்கள் வீட்டை விட்டு வெளியேறினாங்க. அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமாச்சு. போர் முடிஞ்ச பிறகு காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமா விடுவிச்சாங்க. மிச்சத்தையும் கேட்டு மக்கள் போராடிக்கிட்டேதான் இருக்காங்க. நீங்க காலையில தி.நகர்ல டிபன் சாப்பிட்டுட்டுக் கிளம்பி, சாயந்திரத்துக்குள்ள யாழ்ப்பாணத்துல இருப்பீங்க. அவங்கள்ல பலருக்கு ஒரு சில கி.மீ. தள்ளி இருக்கிற சொந்த வீட்டுக்குப் போக, முப்பது வருஷத்துக்கு மேலாகியும் வழி திறக்கலை.