மருதுவின் படைக்கு என்ன நிறம்

"மாமா, மருது பாண்டியர் படைக்கு உடுப்பு என்ன கலர்?" என்று என் தங்கை மகன் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிறான். 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி, மேஜை மேல் அணிவகுத்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் அங்குலம் பார்த்து நகர்த்திச் சண்டை போடுகிறவர்களில் அவனும் ஒருவன். நெப்போலியன் படையைப் பூசியாயிற்று. வார்ஹாமர் என்கிற கற்பனை உலகத்துப் பூதப்படையும் ஆயிற்று. இப்போது சொந்த மண்ணின் படை வேண்டும் என்கிறான். கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துச் சிவகங்கைச் சீமையில் போரிட்ட மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிப் பக்கம். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் திருச்சுழி தாண்டிப் போகிற ஊர். அவன் என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

எதிராளிக்கு நிறம் சொல்வது சுலபம். கும்பினியின் மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, தொடையோடு நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, செருப்பு, தலைப்பாகை. காலரும் கைமடிப்பும் என்ன நிறம் என்பதை வைத்து எந்தப் பட்டாளம் என்று சொல்லிவிடலாம். தலையில் மட்டும் கவனம் வேண்டும். தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை, அதில் ஒரு தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது என்றெல்லாம் கும்பினி உத்தரவு போட்டது 1805 கடைசியில். மறு வருஷம் ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்களின் கிளர்ச்சியில் வேலூர்க் கோட்டை பற்றி எரிந்தது. ஆகவே 1801-ல் காளையார்கோவிலுக்கு வரும் சிப்பாயின் தலையில் அந்தப் புதுத் தொப்பியை வைக்கக் கூடாது. நெற்றியில் நாமமோ திருநீறோ இருக்கலாம். ஊசி முனையில் தொட்டு வைக்கிற ஒரு வெள்ளைக் கோடுதான், ஆனால் அந்தக் கோட்டுக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு வருவோம். நமக்கு அவர்களைக் காட்டியது சினிமா. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'சிவகங்கைச் சீமை' இரண்டும் 1959 மே மாதம் சில நாள் இடைவெளியில் வந்த படங்கள். முன்னது வண்ணப்படம். அதன் வெல்வெட்டும் சரிகையும்தான் பாளையக்காரர் என்றால் நம் கண்ணில் வந்து நிற்கின்றன. மருதுவின் கதையைச் சொன்ன பின்னது கறுப்பு வெள்ளை. நிறம் கேட்கிற பையனுக்கு அது உதவாது.

மருது படைக்குச் சீருடை கிடையாது. இது பருத்தி விளையும் பூமி, நெசவு ஓடும் பூமி. வேட்டியும் உருமாலும்தான் உடுப்பு. "ஒரே வெள்ளையைப் பூசாதே மாப்ளே, பத்து வேட்டிக்குப் பத்து வெள்ளை வேணும்" என்று சொன்னேன். சலவை காணாத கோடித் துணிக்கு ஒரு பழுப்பு உண்டு. உவர்மண் போட்டு வெளுத்ததற்கு வேறு வெளுப்பு. வியர்வையில் மஞ்சளடித்தது ஒன்று, கரிசல் ஏறி எத்தனை துவைத்தாலும் போகாத சாம்பல் ஒன்று. இடையிடையே அவுரி நீலத்தில் ஒரு தலைக்கட்டு, சாயவேர்ச் சிவப்பில் ஓர் இடுப்புத் துண்டு. சாயவேர் இந்த ராமநாதபுரக் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சரக்கு. அதன் சிவப்பு மங்கலானது, கும்பினிக் கோட்டின் சிவப்போடு சேராது. இரண்டு சிவப்பையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்தால் மேஜையில் யார் யாரென்று தெரியாது.

ஆளின் நிறத்துக்குத்தான் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தார். ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கும்பினி அதிகாரி. 1830-ல் லண்டனில் இரண்டு பாகமாக வந்த அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். 1795-ல் இளைஞனாக இந்தப் பக்கம் வந்தவர் சின்ன மருதுவைச் சிறுவயலில் பார்த்திருக்கிறார். நல்ல கறுப்பு, பருத்த உடம்பு, களையான முகம், இனிமையாகப் பழகுகிறவர் என்று எழுதுகிறார். அரண்மனைக்குக் காவலே கிடையாது, யாரும் உள்ளே போகலாம், வரலாம். ஆனால் அவர் தலையசைத்தால் நாடு நடக்கும். அண்ணன் பெரிய மருதுவுக்கு ஆட்சியில் நாட்டமில்லை, வேட்டையே பொழுது. ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைப்பாராம். ஈட்டி எறியவும், வளரி என்கிற பிறை வடிவ எறிகருவியை வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. வெல்ஷ் மதுரையில் இருந்தபோது உயர்ந்த அரிசியும் பழமும் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அதில் தோல் சொரசொரவென்று, மிகவும் தித்திப்பான ஓர் ஆரஞ்சு. இந்தியாவில் வேறெங்கும் அப்படி ஒரு பழத்தைப் பார்க்கவில்லை என்று முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் அந்த மனிதர் சொல்கிறார்.

அதே வெல்ஷ் 1801-ல் அதே சின்ன மருதுவைப் பிடிக்க வந்த படையில் இருந்தார். கட்டபொம்மனின் ஊரான பாஞ்சாலங்குறிச்சி மே 24-ல் விழுந்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி செய்ய ஆகஸ்ட் முழுக்கப் போராடிவிட்டுப் படை திரும்பியது. பிறகு வேறு வழிகளில் வளைத்து, அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது அகப்பட்டார். தனக்கு வளரி சொல்லித் தந்தவர் காட்டு விலங்கைப் போல் விரட்டப்பட்டதையும், சாதாரணக் குற்றவாளியைப் போல் தூக்கில் தொங்கியதையும் வெல்ஷ் வருத்தத்தோடு எழுதுகிறார். அக்டோபர் 24, திருப்பத்தூர். வருத்தப்பட்டவர் கடைசிவரை கும்பினிச் சேவகத்தில்தான் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் நான் அந்தப் பக்கங்களைப் படிக்கிறேன். போரை நினைத்து வருந்தியவர் இன்னொருவரும் உண்டு. மேஜைச் சண்டைக்கு விதி எழுதி 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் போட்ட எச்.ஜி. வெல்ஸ், கடைசிப் பக்கங்களில் இந்தச் சின்னப் போரே போதும், நிஜப் போர் வேண்டாம் என்று மன்றாடினார். மறு வருஷம் உலகப் போர் வந்தது. இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் அந்தப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

வெல்ஷ் கொடுத்த நிறத்தை வைத்துக்கொண்டு முகம் பூச உட்கார்ந்தோம். கடையில் 'சதை' என்று விற்கிற டப்பா வெள்ளைக்காரன் சதை. அதோடு பழுப்பைக் கலந்து சமாளிக்கப் பார்த்தான். "அதைத் தூக்கிப் போடு" என்றேன். பர்ன்ட் அம்பரில் துளி நீலம் கலந்து அடிநிறம். காய்ந்ததும் மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, மோவாய், தோள்பட்டை என்று மேடான இடங்களில் மட்டும் பர்ன்ட் சியன்னா. அதற்கும் மேலே, வெயில் படுகிற இடத்தில், எல்லோ ஓக்கர் கலந்து மெல்லிய ஒரு தீற்று. வெள்ளை கலந்தால் கெட்டது, முகம் சாம்பல் பூத்துச் செத்தவன் மாதிரி ஆகிவிடும். கறுப்புத் தோலில் வெளிச்சம் செம்மண் நிறமாகத்தான் விழுகிறது. நம்பாதவர்கள் சாயங்காலம் நாலரை மணிக்குக் களத்து மேட்டில் நிற்கிற ஆளின் தோளைப் பார்க்கட்டும்.

வளரிக்குச் செம்புக் கம்பியைச் சுத்தியால் தட்டி, பிறை மாதிரி வளைத்து, ஒரு முனையில் எம்-சீல் உருட்டிக் கனம் வைத்தோம். அப்போதுதான் ஒரு வழக்கு வந்தது. மருமகனின் விதிப்புத்தகத்தில் கையால் எறியும் ஆயுதத்துக்குத் துப்பாக்கித் தூரத்தில் கால்வாசி கூடத் தரவில்லை. தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று, எறியக் கற்றுக்கொண்ட வெல்ஷே எழுதியிருக்கிறார். அன்றைய மஸ்கட் துப்பாக்கியை நம்பிச் சுடக்கூடிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே அங்குலம் கொடு என்று விடாமல் வாதாடினேன், கொடுத்தான். சின்ன மருதுவின் பக்கத்தில் கூடையில் ஆரஞ்சு சுமக்கிற ஓர் ஆளும் கட்டாயம் நிற்க வேண்டும் என்றேன். அந்தக் கூடையை அவனே எம்-சீலில் செய்தான், பழத்தின் தோலில் ஊசியால் குத்திச் சொரசொரப்பு உட்பட.

காலடி மண்ணுக்கு வந்தால், அவன் நெப்போலியன் சிப்பாய்கள் நிற்கிற வில்லையில் பச்சைப் புல் ஒட்டியிருந்தான். இங்கே அது ஆகாது. கண்மாயில் காய்ந்து கிடந்த கரிசல் கட்டியைப் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, பெவிகால் தடவிய வில்லையில் தூவினோம். நடுவே வெள்ளையாக ரெண்டு பொடிச் சுக்கான்கல். கல் இல்லாத கரிசல் இந்தப் பக்கம் ஏது? காய்கிறபோது பசை மண்ணை இழுத்து, கோடைக் கண்மாய் போலவே பாளம் பாளமாக வெடித்தது. மரம் நட்டபோது ஒன்றை மட்டும் தடுத்தேன். சீமைக்கருவேலம் வேண்டாம். அது இந்தியாவுக்கு வந்ததே 1877-ல். மருதுவின் ஆள் அதன் முள்ளை மிதித்ததில்லை. பனையும் குடைவேலும் விடத்தலையும் நாட்டுக் கருவேலும் நின்ற காடு அது. இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை ஜன்னல் வழியே பார்க்கிற யாருக்கும் 1801-ன் காடு கண்ணில் படாது, மேஜையில்தான் நட வேண்டும்.

மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பிடிமண் ஞாபகம் வந்தது. இந்தச் சீமையில் படை செய்வது புதிதல்ல. அய்யனாருக்குப் புரவி எடுக்க முடிவானால் ஊர்க்காரர்கள் ஒரு கைப்பிடி மண்ணைக் குயவரான வேளாரிடம் கொடுக்கிறார்கள். அதிலிருந்துதான் குதிரை தொடங்குகிறது. கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால்களைத் திருகையில் எடுத்து, உடம்பைக் கையால் வளர்த்து, சூளையில் வேகவைத்து, முதலில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பிறகே வர்ணம். மருமகன் ஒவ்வொரு சிப்பாய்க்கும் முதல் வேலையாக வெள்ளை பிரைமர் அடிப்பதும் அதே காரணத்துக்குத்தான். அடியில் வெளுப்பு இருந்தால் மேலே நிறம் எடுக்கும்.

ஆனால் கண்ணில் இருவரும் பிரிகிறார்கள். குட்டிச் சிப்பாய் பூசுகிறவர்களில் பலர் கண்ணை முதலிலேயே முடித்துவிடுகிறார்கள். கோடு கன்னத்தில் இழுபட்டால் மேலே சதை நிறம் பூசி மறைத்துக்கொள்ளலாம். வேளார் கண்ணைக் கடைசியில் திறக்கிறார். அதுவரை அது மண், திறந்தபின் அது அய்யனார் ஏறி ராத்திரி ஊரைச் சுற்றிவரும் குதிரை. திறந்த கண்ணை யாரும் திருத்துவதில்லை. இதைச் சொன்னதும் மருமகன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்தப் படைக்கும் கடைசியிலயே திறப்போம் மாமா" என்றான். மூணு சைபர் பிரஷ்ஷின் நுனியை நாக்கில் தொட்டுக் கூர்செய்து, கூடைக்காரனிலிருந்து ஆரம்பித்து, மூச்சைப் பிடித்து வரிசையாகத் திறந்தான். எல்லாக் கண்ணும் சரியாக விழுந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவனும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறான். சண்டையில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் காட்டுகிற முதல் இடம் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள், தஞ்சை மராட்டியரோடு சேதுபதி நடத்திய சண்டை உட்பட. மறவர் சீமைப் படையை அந்தக் காலத்து ஓவியனே பார்த்து எழுதியது. திருச்சுழிப் பிள்ளைகளுக்கு அது எட்டாத தூரமில்லை.

இரண்டாவது இடம் நம் கண்மாய்க்கரைக் கோயில்கள்தான். பல அய்யனார் கோயில்களில் குதிரைக்குப் பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாயும், தொப்பி வைத்த துரையும் மண்ணிலோ சுதையிலோ நிற்கிறார்கள். நம்மை அடக்க வந்த உடுப்பை ஊர் தன் காவலுக்கு வைத்துக்கொண்டது. இதை நினைக்குந்தோறும் எனக்கு மனசு நிறைகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவனை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அப்போது குறுக்குவாரில் கொக்கி தெரியும், கோட்டில் பொத்தான் தெரியும், காலில் செருப்பு வார் தெரியும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் எனாமல் மேல் எனாமல் ஏறி, இப்போது பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, விரல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பக்தியோடு செய்கிற காரியம்தான், யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனால் வேளாரின் விரல் செய்த நுணுக்கம் அந்தப் பூச்சுக்குள் போய்விட்டது. மருமகன் தன் வர்ணத்தைத் தண்ணீர் மாதிரி கரைத்துக் கரைத்துப் பூசுவது இதற்குத்தான்.

உங்கள் ஊர்க் கரையிலும் அப்படி ஒருவன் நின்றால், அடுத்த கொடைக்கோ கும்பாபிஷேகத்துக்கோ பெயிண்ட் டப்பா திறப்பதற்கு முன்னால் படம் எடுத்து வையுங்கள். முன்புறம், இரண்டு பக்கம், முதுகு. பழைய பூச்சு உரிந்த இடத்தைக் கிட்டப் போய்த் தனியாக எடுங்கள், அடியில் இருக்கிற நிறம் அங்கேதான் தெரியும். எந்த ஊர் வேளார் செய்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.