பரிந்துரையின் விலை

குறுந்தொகையின் எந்தப் பாடலுக்கும் நாங்கள் செலவிடாத நேரத்தை அதன் வகுப்புக்குக் கட்டணம் வாங்கும் முறை எடுத்துக்கொண்டது. எட்டு வாரங்கள், வாரத்திற்கு ஒரு மாலை, ஸூம் வழியாக வாசிப்பு. கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆசிரியருக்கு ஊதியம் தந்தாக வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பொன்னாடை போர்த்தி வழியனுப்பும் தமிழ்ப் பண்பாட்டின் மீது எங்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

2016-இல் யுபிஐ வந்த பிறகு உள்ளூர் வாசகரிடம் பணம் பெறுவது எளிதாகிவிட்டது. ஆனால் கணவருக்கான கட்டணம் மனைவியின் கணக்கிலிருந்து வரும். பெயருக்குப் பதில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். வரவையும் பதிவையும் ஒப்பிட ஒருவர் இரவெல்லாம் உட்கார வேண்டும். டொரண்டோ வாசகரோ கடன் அட்டையில்தான் செலுத்துவார். ஆகவே பேமெண்ட் கேட்வே ஒன்றை அமர்த்தினோம். பணம் சேர்ந்தவுடன் அதுவே பதிவு ஏட்டுக்குத் தகவல் சொல்ல, வாசகருக்கு அவருக்கே உரிய இணைப்பு மின்னஞ்சலில் போய்விடும். இதற்கு நூற்றுக்கு இரண்டு, அந்த இரண்டின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆயிரத்தில் 23 ரூபாய் 60 காசு போகிறது. வெளிநாட்டு அட்டை என்றால் இன்னும் சற்று அதிகம். இதுவரை சிக்கலில்லை.

சிக்கல் கமிஷனில் தொடங்கியது. அமேசான் 1996-இலேயே தொடங்கிவிட்ட முறைதான்: பரிந்துரைப்பவருக்குத் தனிக் குறியீடு கொண்ட ஓர் இணைப்பு, அதைச் சொடுக்கி வருபவர் பணம் கட்டினால் அவருக்கு ஒரு பங்கு. இருபது விழுக்காடு, அதாவது இருநூறு ரூபாய் என்று வைத்தோம். கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்த பிறகே பட்டுவாடா.

முதலில் குறியீடு பெற்றவர்களுள் ஒருவர் புத்தக மதிப்புரைகள் எழுதும் நண்பர். எதையும் எளிதில் புகழாதவர். அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு. இணைப்பில் கமிஷன் உண்டு என்பதை வெளிப்படையாகவே எழுதினார். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் வகுத்த நெறிகளும் அப்படி அறிவிக்கச் சொல்கின்றன. ஆனாலும் மறுநாளே ஒரு வாசகர் கேட்டார், “இதற்கு முன் பாராட்டியவற்றுக்கும் பங்கு உண்டா?” நண்பர் பதில் சொல்லவில்லை. குறியீட்டைத் திருப்பித் தந்துவிட்டார். இருநூறு ரூபாய்க்காக அவர் இருபதாண்டுச் சொல்லை அடகு கேட்டது போல எங்களுக்கு இருந்தது.

காசு இலக்கியத்தைத் தொட்டுவிட்டது என்ற புலம்பலல்ல இது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்பணக் கையொப்பம் திரட்டித்தான் அச்சேற்றினார். புத்தகக் கடைக்காரருக்குக் கழிவு தருவதை நாம் யாரும் இழிவாக நினைப்பதில்லை. விற்பது அவர் தொழில் என்று நமக்குத் தெரியும். மதிப்புரையாளரிடம் நாம் எதிர்பார்ப்பது வேறு.

கணக்கேட்டில் இன்னொரு விநோதமும் தென்பட்டது. கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்புக்கே பங்கு என்பது இந்த முறையின் விதி. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தம் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்கிறார். பதினோரு பேர் அவரால் சேர்ந்தார்கள். ஏட்டில் அவர் பெயரில் சுழியம். அந்தப் பதினொருவரில் நால்வர் எங்கோ கண்ட இணைப்பைச் சொடுக்கி வந்ததால், அவர்களுக்கான பங்கு அவரை அறியாத யாருக்கோ எழுதப்பட்டிருந்தது.

இப்போது கமிஷன் புத்தகக் கடைகளுக்கு மட்டும். எழுதுகிறவர்களின் குறியீட்டில் வருகிற வாசகருக்கு நூறு ரூபாய் தள்ளுபடி, எழுதுகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆசிரியையின் கணக்கில் ஏதாவது செலுத்துகிறோம் என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “எனக்கெதுக்குத் தம்பி? என்கிட்ட படிச்ச ரெண்டு பிள்ளைங்க கட்ட வழியில்லாம இருக்காங்க. அதுங்களைச் சேத்துக்குங்க.” கேட்வேயில் சுழியம் ரூபாய்க்குப் பதிவு செய்ய வழியில்லை. இருவர் பெயரையும் கையால் எழுதிச் சேர்த்தோம்.