சீனி மேல நடக்கிறவங்க!

எங்க ஊரு அருப்புக்கோட்டையில 'பனி'ன்னா, மார்கழி மாசக் காலைல பைக் சீட்டுல ஒட்டியிருக்கிற ஈரம். அவ்வளவுதான்! கர்ச்சீப்பால துடைச்சுட்டுக் கிளம்பிடுவோம். திருச்சுழிப் பக்கமெல்லாம் மழைக்கே வானத்தை அண்ணாந்து பார்க்கிற கரிசக்காடு. பனி சரிஞ்சு ஆளையே மூடும்னு சொன்னா, 'எந்தப் படத்துலப்பா?'ன்னுதான் கேட்பாங்க.

எங்க பெரியம்மா வீட்டுல அப்படிக் கேட்க முடியாது. பெரியம்மா மகன் ராணுவத்துல இருக்கார். இது அவருக்கு இமயமலையில ரெண்டாவது குளிர்காலம். எந்த இடம்னு கேட்டா, "மேலதாண்டா"ம்பார். அதுக்கு மேல வாயே திறக்க மாட்டார். போன் கிடைக்கிறப்போ பெரியம்மா கேட்கிறது ஒரே கேள்விதான்: "ரொம்பக் குளுருதாய்யா?"

போன தடவை லீவுல வந்தப்போ அண்ணன் எங்கிட்ட சொன்னார்: "குளுரைச் சமாளிச்சுரலாம்டா. கோட்டு இருக்கு, ஸ்டவ் இருக்கு. மொதப் பனிதான் ஆளை ஏமாத்தும்."

அதென்ன முதல் பனி? அக்டோபர், நவம்பர்ல மலையில லேசா ஒரு படுகை விழும். முழங்கால் அளவுகூட இருக்காது. அடியில தரை கொஞ்சம் வெதுவெதுப்பு, மேல காத்து மைனஸ் 20 டிகிரி. இந்த வித்தியாசத்துல அடியில இருக்கிற ஈரம் ஆவியாகி மேல ஏறி, திரும்ப உறையுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, பொலபொலன்னு சீனி மாதிரி ஆயிடுது. இங்கிலீஷ்லயும் அதுக்கு 'ஷுகர் ஸ்னோ'ன்னுதான் பேரு! பனி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சீக்கிரம் சீனியாகும். 'இந்த வருஷம் பனி கம்மிதானே'ன்னு நிம்மதியா இருக்க முடியாது.

அப்புறம் டிசம்பர், ஜனவரியில கனமான பனி விழுந்து, காத்தும் சேர்ந்து அமுக்கி, சீனி மேல பலகை மாதிரி இறுகிடும். பார்க்க சிமென்ட் தரை மாதிரி கிண்ணுனு இருக்கும். ஒருத்தர் கால் வைக்கிறார். 'வூம்'னு ஒரு சத்தம். அடியில சீனி நொறுங்குது, மேல இருக்கிற பலகை மொத்தமா வழுக்கி இறங்குது. 30லேர்ந்து 45 டிகிரி சாய்வுலதான் இது அதிகம். நம்ம வீட்டு மாடிப்படிச் சாய்வுன்னு வெச்சுக்கங்களேன். சரிவுல மாட்டுறவங்கள்ல பெரும்பாலானவங்க விஷயத்துல, அதைக் கிளப்பிவிட்டதே அவங்க கால், இல்ல கூட வந்தவர் கால்தான்.

கிணறு வெட்டுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். மேல கெட்டி மண்ணு, நடுவுல சரளைன்னா சுவர் எப்ப வேணா உள்ள விழும். எங்க தாத்தா கிணத்துல இறங்கும்போது தண்ணியைப் பார்க்க மாட்டாரு, சுவரைத்தான் பார்ப்பாரு. மலையிலயும் குழி தோண்டி, அடுக்கு அடுக்கா தடவித்தான் பார்க்கிறாங்களாம்.

2016 பிப்ரவரி 3 பலருக்கு ஞாபகம் இருக்கும். சியாச்சின்ல 19,600 அடி உயரத்துல பனிச்சுவர் இடிஞ்சு மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைஞ்சாங்க. அதுல 4 பேர் நம்ம தமிழ்நாடு. ஒருத்தர் பக்கத்து மதுரை மாவட்டம். ஆறு நாள் கழிச்சு உயிரோட தோண்டி எடுத்த கர்நாடகாவின் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்னிக்குப் போயிட்டார். அது நடுக்குளிர்காலம். ஆனா 2019-ல சியாச்சின்லயே நவம்பர் 18-ல 4 வீரர்கள், 2 சுமைகூலிகள்; நவம்பர் 30-ல இன்னும் 2 வீரர்கள். நவம்பர்ல! இங்க அப்போ அடைமழைக்கு ஸ்கூல் லீவு விடுவாங்களான்னு டி.வி. பார்த்துட்டு இருப்போம். 2022 அக்டோபர் 4-ல உத்தரகாசி பக்கம் திரௌபதி கா தண்டாவுல மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழு மேலயே சரிஞ்சுது. ஒரே மாசத்துல எவரெஸ்ட், மகாலு ரெண்டும் ஏறின சவிதா கன்ஸ்வாலும் அதுல பலி. அனுபவம் இருக்கே, அது பனிக்குத் தெரியாது பாஸ்.

புதைஞ்சவரைப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தோண்டி எடுத்தா பெரும்பாலும் பிழைச்சுக்கலாம். அரை மணி நேரம் தாண்டினா கஷ்டம். ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். அதனால கூட வர்றவன்தான் ஆம்புலன்ஸ். ஒவ்வொருத்தர் கிட்டயும் சிக்னல் அனுப்புற பீக்கன், குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வாரி மாதிரி ஒரு ஷவல், மூணும் வேணும். சண்டிகர்ல டி.ஜி.ஆர்.இ.ன்னு பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு. எந்தப் பக்கம் எவ்வளவு ஆபத்துன்னு குளிர்காலத்துல எச்சரிக்கை விடுறாங்க.

இதெல்லாம் நான் ஏன் உட்கார்ந்து படிச்சேன்னா, எங்க காலேஜ் செட்டு டிசம்பர் லீவுல இமயமலை ட்ரெக்கிங் போகப் பிளான் போட்டிருக்கு. அண்ணன்கிட்ட சொன்னப்போ, "போகாதே"ன்னு சொல்லலை. "கூட்டிட்டுப் போறவன்கிட்ட பீக்கன் இருக்கான்னு கேளு" என்றார்.

கேட்டேன். முதல் ஏஜென்ட், "பீகான்னா என்ன சார்? நம்ம பேக்கேஜ்ல கேம்ப் ஃபயர் இருக்கு, சூப் இருக்கு" என்றார். ரெண்டாவது ஆள், "டிசம்பர்ல பனியே கம்மி சார், பயமே வேணாம்" என்றார்.

மூணாவது ஏஜென்ட்டைத் தேடிக்கிட்டு இருக்கோம்.