உள்ளே வந்த விருந்தாளி

எங்கள் வீட்டுப் பழைய ஃபோட்டோக்கள் எல்லாம் ஓப்பன்இசட்எஃப்எஸ் போட்ட ஒரு வன்தட்டில் இருக்கின்றன. அதனால் வந்த ஆர்வம் இது. படிப்பது பி.காம் என்பதால் சிரிக்காதீர்கள் :-)

தரவைச் சுருக்கி எழுத, 2020-ல் வந்த 2.0 வெளியீட்டில் இசட்ஸ்டாண்டர்ட் என்ற வெளியார் நிரலைத் தன் மூலநிரலுக்குள்ளேயே நகலெடுத்து வைத்துக்கொண்டது ஓப்பன்இசட்எஃப்எஸ். புதுப் பதிப்பு வந்தால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

அங்கேதான் சிக்கல். புதுப் பதிப்பு பழைய தரவைச் சரியாகவே விரிக்கும். ஆனால் அதே படத்தை மறுபடி சுருக்கினால் வேறு பைட்டுகள் வரலாம். ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காமல் இருக்கும் வசதியோ, சுருக்கிய பிறகு கணக்கிட்ட செக்சம்மைத்தான் ஒப்பிடுகிறது. பைட் மாறினால் செக்சம் மாறும்; ஒரே படம் இரண்டு இடம் பிடிக்கும்.

சரி, தொடாமலே விட்டால்? மூலத்தில் திருத்திய பிழை நம் நகலில் அப்படியே தங்கிவிடும்.

எல்இசட்4 என்ற இன்னொரு சுருக்க நிரலில் நடுவழி கண்டார்கள்: விரிக்கும் பகுதியை மட்டும் புதுப்பித்து, சுருக்கும் பகுதியைப் பழையபடியே விட்டார்கள்.

நகலெடுப்பது ஒரு நாள் வேலை. அதன்பின் அந்த நகல் நம் வீட்டுப் பிள்ளை. என் தாத்தாவின் படம் இன்னும் இருபது வருடம் கழித்துத் திறக்க வேண்டுமே!