கிணற்று நீரும் அணுவெண்ணும்

மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவர் முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். மூலகங்கள் பல என்பதை அக்காலம் அறிந்திருந்தது. ஒரு மூலகத்தின் அணு மற்றொன்றின் அணுவினின்று எதனால் வேறுபடுகிறது என்பதை அறிந்திருக்கவில்லை.

அதற்கான விடையை 1913இல் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் கண்டார். மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அணுக்கருவின் மின்னேற்றமே மூலகத்தின் அடையாளம் என நிறுவினார். கருவில் 1 புரோத்தன் இருந்தால் ஐதரசன். 8 இருந்தால் ஒட்சிசன். 20 இருந்தால் நமது சுண்ணாம்புக்கல்லிலுள்ள கல்சியம். நியூத்திரன் கூடினும் குறையினும் மூலகம் மாறுவதில்லை. புரோத்தன்களுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்பதும் இல்லை. எண்ணிக்கை ஒன்றே வேறு. இவ்வுண்மையை உலகுக்குத் தந்தவரை 1915இல், 27ஆம் வயதில், கலிப்பொலிப் போர்க்களம் பலிகொண்டது.

இதை எண்ணுந்தோறும் நம் கிணறுகளே என் நினைவுக்கு வருகின்றன. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில் கிணறே உயிர். அதில் நீரள்ளும் உரிமையைச் சாதியின் பேரால் எத்தனை தலைமுறையினருக்கு மறுத்தோம்! கிணற்றுக்கட்டுக்கு அப்பால் வெறுங்குடத்தோடு காத்து நின்ற பெண்களைச் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். யார் அள்ளினாலும் நீரில் ஐதரசன் அணு இரண்டு, ஒட்சிசன் அணு ஒன்று. அள்ளும் கையும் அதே அணுக்களால் ஆனதே. தீட்டு என்றொரு மூலகம் எந்த அட்டவணையிலும் இல்லை. அணுவெண்களை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே கற்பிப்போம்.