நான் போட்ட சிவப்புக் கோடு



இன்று கொஞ்சம் இங்கிலீஷ் கிராமர். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. ரொம்ப வருடமாக மனதை உறுத்தும் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயம் காதில்தான் பிடிபடும்.

ஒரு மாணவன். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். பத்தாவதில் வாரத்துக்கு இரண்டு நாள் வரமாட்டான். கேட்டால் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் நீட்டுவான். ஒருநாள் அந்த லெட்டரை வாங்கும்போது நகத்தைப் பார்த்தேன். நகக்கண் முழுக்க கிரீஸ். காய்ச்சல்காரன் நகத்தில் கிரீஸ் எப்படி வரும்? சைக்கிள் கடை வேலை. நான் ஒன்றும் கேட்கவில்லை. "சாயங்காலம் கடை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். முகம் வெளுத்துப்போனான். ஆனால் வந்தான். மார்ச் வரை வந்தான். பாஸ் செய்து பாலிடெக்னிக்கும் போனான்.

வெளியூர் போகிற பிள்ளைகளிடம், "எனக்கு இங்கிலீஷில் லெட்டர் போடு, திருத்தி அனுப்புகிறேன்" என்று நான் சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவனும் ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டான். கடைசி வரி: "சார், யூ ஸா மீ த்ரூ." 'சீ' என்பதன் இறந்தகாலம் 'ஸா'.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'த்ரூ' ஒரு ப்ரிபொசிஷன், ப்ரோநவுன் அதற்குப் பின்னால்தானே வரவேண்டும்? 'மீ'யை அடித்துக் கடைசியில் போட்டேன். "யூ ஸா த்ரூ மீ." ஓரத்தில் ஒரு அறிவுரையும் எழுதி, உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பத்து வருடம் கழித்து வேறு ஏதோ வார்த்தைக்காக அகராதியைப் புரட்டினேன். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. 'சீ த்ரூ மீ' என்றால் என் வேஷத்தை, என் பொய்யைக் கண்டுபிடிப்பது. 'சீ மீ த்ரூ' என்றால் கஷ்டத்தில் கடைசிவரை கூட நின்று கரை சேர்ப்பது. பிள்ளை நன்றி சொல்லியிருக்கிறான். நான் அதை "நீங்கள் என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்!

விஷயம் இதுதான். அப், ஆன், ஆஃப், ஓவர், த்ரூ இவையெல்லாம் இரட்டை வேஷக்காரர்கள். சில இடத்தில் ப்ரிபொசிஷன், சில இடத்தில் அட்வெர்ப். எது எந்த வேஷத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது ப்ரோநவுன்தான். 'புட் ஆன் த ஷர்ட்', 'புட் த ஷர்ட் ஆன்' இரண்டுமே சரி. ஆனால் சட்டைக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் 'புட் இட் ஆன்' மட்டும்தான். 'புட் ஆன் இட்' கிடையாது, ஏனென்றால் இங்கே 'ஆன்' அட்வெர்ப். 'லுக் அட் ஹிம்' என்பதில் 'அட்' ப்ரிபொசிஷன். அங்கே 'லுக் ஹிம் அட்' என்று சொல்லவே முடியாது.

ஏன் இப்படி? 'இட்', 'ஹிம்', 'மீ' எல்லாம் ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட ஆட்கள். அதனால் அவற்றை லேசாகத்தான் உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் அழுத்தம் பெரும்பாலும் கடைசிப் பக்கம் விழும். அட்வெர்ப் அந்த அழுத்தத்தைத் தாங்கும். 'புட் இட் ஆன்' சொல்லிப் பாருங்கள், 'ஆன்' கணீரென்று விழும். 'லுக் அட் ஹிம்' சொல்லுங்கள், 'லுக்'தான் கேட்கும், 'அட்' தேய்ந்துவிடும்.

இன்னொரு சிவப்புக் கோடும் உண்டு. "இரண்டு ப்ரிபொசிஷன் பக்கத்தில் பக்கத்தில் வராது" என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். 'டேக் இட் அப் வித் ஹிம்' என்று எழுதினவர்களுக்கு மார்க் குறைத்திருக்கிறேன். அது இரண்டு ப்ரிபொசிஷன் இல்லை. 'இட்'டுக்குப் பின்னால் 'அப்' அட்வெர்ப், அதன் பின்னால் 'வித்' ப்ரிபொசிஷன், அதற்குச் சொந்தமான 'ஹிம்'. அவரிடமே பேசித் தீர்த்துக்கொள் என்று அர்த்தம். 'ஹி டுக் இட் அவுட் ஆன் மீ'யும் இதே வரிசைதான். யார் மேலேயோ இருந்த கோபத்தை என் மேல் காட்டினான் என்று அர்த்தம். அட்வெர்ப் முதலில், ப்ரிபொசிஷன் பிறகு. எண்ணிப் பார்த்தால் ஒழுங்கான வரிசை.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, அந்நியர்களுக்கு மிகவும் சிரமம் கொடுப்பது இந்த மாதிரிச் சேர்க்கைதான் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரே 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தின் மூலம்தான் பரவியது.

நம் தமிழிலும் உண்டு. 'விழுந்து கிடந்தவனைப் பார்த்துக்கொண்டான்', 'விழுந்து கிடந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்'. முதல் ஆள் மனிதன், இரண்டாவது ஆள் வேடிக்கை பார்த்தவன். நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, காதால் வந்தது. ஆங்கிலத்தைக் காதால் கேட்காமல், நான் விதியை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தினேன்.

அவன் போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். காபி குடிக்கும்போது இதைச் சொல்லி, "என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். சிரித்தான். "அந்த வரிய லைப்ரரி டிக்‌ஷனரிய பார்த்துத்தான் சார் எழுதினேன். நீங்க அடிச்சு அனுப்பினதும் டிக்‌ஷனரிதான் தப்புன்னு நெனச்சிட்டேன்" என்றான். நானும் சிரித்தேன், ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அச்சடித்த புத்தகத்தையே நம்பாமல் என்னை நம்பியிருக்கிறான். என் கையில் இருந்த பேனாவுக்கு அவ்வளவு கனம் என்று அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீங்க திருத்தினதும் பொய் இல்ல சார். கிரீஸைப் பார்த்துட்டீங்களே" என்றான்.

உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் ஒருதரம் அகராதியைப் பாருங்கள். பிள்ளையிடம் "இதை எங்கே படிச்சே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வழக்கம்போல வீட்டுப்பாடம்: 'கெட் ஓவர் இட்', 'கெட் இட் ஓவர் வித்'. இரண்டையும் வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் கீழே எழுதுங்கள். 'டேக் இட் அப் வித் ஹிம்' எழுதி மார்க் இழந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பாக்கி மார்க்கைப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் சார்