பதவி போயினும் பணி போகாது

எங்களுள் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மேற்படிப்பா, உடனடி ஊதியமா என்னும் வினா இறுதியாண்டில் எங்களை அலைக்கழிக்கிறது. இவ்வேளையில் உயிர்வேதியியல் அறிஞர் கேட்டலின் கரிகோவின் வாழ்வு எங்களுக்கு வழிகாட்டுகிறது.

ஹங்கேரி நாட்டில், குழாய்நீர் வசதியற்ற சிறு வீட்டில், இறைச்சிக் கடைக்காரரின் மகளாக வளர்ந்தவர் அவர். 1985இல் ஆய்வுப்பணியை இழந்தார். மகிழுந்தை விற்ற பணத்தை இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கும் துன்பம் தொடர்ந்தது. தூது ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க இயலும் என அவர் நம்பினார். நிதி வேண்டி அனுப்பிய விண்ணப்பங்களோ மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டன. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கம் செய்தது. ஆயினும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலவில்லை.

வெளியிலிருந்து செலுத்தப்படும் ஆர்.என்.ஏ.வை உடல் பகையெனக் கருதி எதிர்த்தது. அதிலுள்ள யூரிடின் என்னும் கூறுக்கு மாற்றாகச் சூடோயூரிடினை அமைத்தால் அவ்வெதிர்ப்பு தணியும் என்பதை, ட்ரூ வைஸ்மனுடன் இணைந்து 2005இல் அவர் நிறுவினார். 2020இல் வெளிவந்த பைசர், மாடர்னா கொரோனாத் தடுப்பூசிகளுக்கு அம்முடிவே அடித்தளமாயிற்று. 2023இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இருவரையும் தேடி வந்தது.

பதவியைப் பிறர் தருவர்; பிறரே பறிக்கவும் கூடும். கற்ற தொழிலின்மீது கொண்ட பற்றை எவரும் பறித்தல் இயலாது. வறுமை காரணமாக எங்களுள் சிலர் நாளையே ஏதேனும் ஒரு வேலையில் அமர நேரலாம். அது தோல்வியன்று. மாலை நேரத்திலேனும் நூலைத் திறந்து வைத்திருப்போம். முதல் விண்ணப்பம் மறுக்கப்படும் நாளில் இவ்வம்மையாரை எண்ணி, இரண்டாம் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவோம்.